செக்ரோலில் எழுதப்படாத வரலாறு: சி. வி. வேலுப்பிள்ளையின் வாழ்வும் எழுத்தும்

மலையகக் குடும்பமொன்றின் கதையை எழுத உட்கார்ந்தால் முதலில் கிடைப்பவை துரைமாரும் அவர்களது கிளாக்கர்மாரும் எழுதி வைத்த காகிதங்கள்தான். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை ஆள் வந்தது, எந்தக் கங்காணியின் கணக்கில் எவ்வளவு கடன் நின்றது, யார் எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. செக்ரோலில் விழுந்த பேர் அது. ஊரை விட்டு வந்தவர் யார், எந்த வழியாக நடந்தார், வழியில் யாரைப் புதைத்தார், லயத்துக் காம்பராவில் இரவில் என்ன பாடினார் என்பது எந்தச் செக்ரோலிலும் இல்லை.

அந்த இல்லாத பக்கங்களை எழுதுவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரைக் கவிஞர் என்பார்கள், நாவலாசிரியர் என்பார்கள், தொழிற்சங்கவாதி என்பார்கள், தலவாக்கலையின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய நூல்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், நாடு மறுத்த ஒரு சமூகத்தின் வரலாற்றாசிரியரையே அவற்றில் காண முடிகிறது. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் ஆவணங்களை இழந்த நமக்கு அவர் இன்று தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான்.

மடகொம்பரையிலிருந்து நாடாளுமன்றம் வரை

சி. வி. 1914 செப்டெம்பர் 14ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்தில் வட்டகொடைக்கு அருகிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பெரிய கங்காணி. இது சின்ன விடயமல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவரும், அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும், தோட்டத்தில் அவர்களை மேய்த்தவரும் கங்காணிதான். கடன் தீராமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கடனைக் குறித்து கைக்குக் கை மாறிய 'துண்டு' 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. இந்த அமைப்பின் மேல்படியில் இருந்த வீட்டில் பிறந்த பிள்ளை, அதன் அடிப்படியில் கிடந்தவர்களைப் பற்றியே ஆயுள் முழுக்க எழுதினார்.

அட்டனிலும் பிறகு கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் அவர் படித்தார். தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிள்ளைக்காம்பரா, கொழுந்து மலை, கவ்வாத்துக் கத்தி என்ற பாதையில் போன காலம் அது. ஆங்கிலக் கல்வி கிடைத்த மிகச் சிலரில் அவர் ஒருவர். இளவயதிலேயே 'விஸ்மாஜினி' என்ற இசை நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். ரவீந்திரநாத் தாகூர் இலங்கை வந்தபோது அந்த நூலை அவரிடம் கொடுத்தார். படிப்பு முடிந்தபின் ஆசிரியராக வேலை பார்த்தார்.

1939இல் ஜவஹர்லால் நேரு இலங்கை வந்ததையடுத்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மலையகம் முழுவதும் சங்கம் பரவிய காலம் அது. சி. வி. காங்கிரஸுக்குள் வந்தார். 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸின் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சென்றவர் சி. வி. நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான், பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா, நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம் ஆகியோரும் அந்த ஏழு பேரில் அடங்குவர்.

வாக்கைப் பறித்த மூன்று சட்டங்கள்

அடுத்த ஆண்டே கதை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே கிடையாது. பாட்டன் பிறந்ததற்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் திறந்தது. அந்த வழியும் தொடர்ச்சியாக இங்கே வசித்ததற்கான ஆதாரங்களைக் கேட்டது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அந்த ஆண்டு கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. சட்டம் அசையவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சட்டங்கள் கேட்டது காகிதம். நூறு ஆண்டு உழைப்பு, புதைகுழிகள், கோயில்கள், பாடல்கள் எதுவும் காகிதம் ஆகாது. 'ஆவணம் இல்லாதவனுக்கு வரலாறு இல்லை, வரலாறு இல்லாதவனுக்கு நாடு இல்லை' என்பதே அந்தச் சட்டங்களின் தர்க்கம். வாக்கிழந்த மக்களின் முன்னாள் உறுப்பினராக வெளியே வந்த சி. வி., அந்தத் தர்க்கத்துக்கு எழுத்தில் பதில் சொல்லத் தொடங்கினார்.

நூல்கள்

1950களில் வந்த அவருடைய ஆங்கில நெடுங்கவிதை 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சக்தீ அ. பாலையா அதைத் தமிழாக்கினார். தேயிலைத் தூரின் அடியில் புதைந்து போனவனுக்கு நடுகல் இல்லை என்ற கவலையே அந்தக் கவிதையின் அடிநாதம்.

1970இல் வெளிவந்த 'உழைக்கப் பிறந்தவர்கள்' அவருடைய உரைநடையில் முக்கியமானது. இதையும் ஆங்கிலத்தில்தான் எழுதினார். மு. சிவலிங்கம் பின்னர் 'தேயிலை தேசம்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். தோட்டத்தின் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்தி எழுதிய சித்திரங்கள் அவை. பெரட்டுக்களத்தில் காலையில் யார் யார் நிற்பார்கள், கங்காணியின் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடியும், தப்பு அடிப்பவர் இல்லாமல் ஏன் எதுவும் நடக்காது என்பதையெல்லாம் உள்ளே வாழ்ந்தவரின் கண்ணால் பார்க்கலாம். ஆய்வாளர் இன்று 'சமூக வரலாறு' என்று சொல்வதை அவர் அந்தப் பெயர் சொல்லாமலே செய்திருக்கிறார்.

தமிழில் அவர் எழுதிய நாவல்களில் 'வீடற்றவன்' 1981இல் நூலானது. தோட்டத்தில் சங்கம் அமைக்க முன்வந்த தொழிலாளி, வேலையோடு காம்பராவையும் இழந்து அலைவதே அதன் கதை. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேலை போனால் கூரையும் போகும். அந்தப் பெயர் ஒரு தனி மனிதனுக்கு மட்டும் பொருந்துவதல்ல என்பது மலையக வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும். 1984இல் வந்த நாவலின் பெயர் 'இனிப் பட மாட்டேன்'. 1977, 1981, 1983 என்று அடுக்கடுக்காக அடி வாங்கிய மக்களின் வாயிலிருந்து எடுத்த தலைப்பு அது.

குடியுரிமைப் பிரச்சினையை நேரடியாக எடுத்துக்கொண்ட 'நாடற்றவர் கதை' அவர் மறைந்த பிறகே நூலாக வந்தது. தொழிலாளர் தேசிய சங்கத்தோடு இணைந்து இயங்கிய காலத்தில் 'மாவலி' இதழை நடத்தினார். 1984இல் அவர் காலமானார்.

பாடல்களைத் திரட்டியது ஏன்?

இவை எல்லாவற்றையும்விட நீண்டகாலம் பயன்படப் போவது 1983இல் வெளியான 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பு என்றே நினைக்கிறேன். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கொழுந்து மலையில் பாடிய பாட்டு, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் கேலி செய்யும் பாட்டு, கடல் கடந்து மன்னார்க் கரை இறங்கி மாத்தளை நோக்கி நடந்த பயணத்தின் பாட்டு என்று அவை பல வகை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமூகம் தன் வரலாற்றை வைத்திருந்த இடம் பாட்டுதான். கணக்குப் புத்தகம் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே இறாத்தல் கணக்கை மட்டும் எழுதும். அவளுடைய ஒப்பாரியோ, செத்தவன் எந்த ஊர்க்காரன், எந்த மலையில் விழுந்தான், என்ன ஆசையோடு வந்தான் என்று சொல்லும். ஒப்பாரி பாடியவர்கள் பெண்கள். ஆகவே ஆண்கள் எழுதிய சங்க அறிக்கைகளில் இல்லாத ஒரு பாதி வரலாறு இந்தப் பாடல்களில் இருக்கிறது. பாட்டி இறந்தால் பாட்டும் போய்விடும் என்று தெரிந்துதான் சி. வி. லயம் லயமாகக் கேட்டுத் திரட்டினார்.

நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் உறவினர்

நாடு மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதிக்கொள்வது மலையகத்தில் மட்டும் நடந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த யோசேப்பு ஹக்கோகேன் என்ற யூத வரலாற்றாசிரியரின் வாழ்க்கையை வாசிக்கும்போது சி. வி.யின் ஞாபகம் வராமல் போகாது.

ஸ்பெயின் 1492இல் யூதர்கள் அனைவரையும் நாட்டை விட்டு வெளியேற்றியது. அப்படி வெளியேறிய ஒரு குடும்பத்தில் 1496இல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் யோசேப்பு பிறந்தார். சிறுவயதில் குடும்பம் ஜெனோவாவுக்கு வந்தது. 1516இல் அங்கிருந்தும் போகச் சொன்னார்கள். பிறகு திரும்பி வந்து அதே நகரில் மருத்துவராக வேலை பார்த்தார். 1550இல் மீண்டும் வெளியேற்றம். அருகிலிருந்த வொல்தாஜியோ என்ற சிற்றூர் மக்கள் மருத்துவர் வேண்டுமென்று அழைத்து வைத்துக்கொண்டார்கள். 1567இல் ஜெனோவாவின் ஆட்சிப் பகுதி முழுவதிலிருந்தும் யூதர்கள் துரத்தப்பட்டபோது அங்கிருந்தும் போனார். ஒரே வாழ்க்கையில் ஒரே அரசு மூன்று தடவை விரட்டிய மனிதர் அவர்.

அவர் எழுதிய பிரெஞ்சு அரசர்கள், துருக்கிச் சுல்தான்கள் பற்றிய வரலாறு 1554இல் அச்சேறியது. அவருடைய இன்னொரு நூல்தான் இன்று பேசப்படுவது. அதன் பெயர் 'அழுகையின் பள்ளத்தாக்கு'. விவிலியத்தின் 84ஆம் சங்கீதத்தில் வரும் சொல் அது. சிலுவைப் போர்க் காலப் படுகொலைகள் தொடங்கி இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின் வெளியேற்றங்கள் வரை, தன் மக்கள் பட்டதை ஊரும் ஆண்டும் சொல்லி எழுதினார். 1558இல் முடித்த நூலோடு, புதிய துன்பங்கள் வர வர 1575 வரை சேர்த்துக்கொண்டே போனார். தானும் தன் குடும்பமும் விரட்டப்பட்டதையும் அதில் எழுதினார். அந்த நூல் 1852இல்தான் வியன்னாவில் அச்சானது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அது கையெழுத்துப் பிரதியாகவே கைமாறிக் காத்திருந்தது.

எழுதி வைத்தால் ஒருநாள் வாசிக்கப்படும் என்பது யோசேப்புவின் வாழ்க்கை தரும் தைரியம். அதே மரபுக்குள்ளிருந்து பின்னாளில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. சலோ பாரோன் என்ற யூத வரலாற்றாசிரியர் 1928இல் ஒரு கேள்வி எழுப்பினார். நம் வரலாற்றை வெறும் கண்ணீரின் வரலாறாகவே ஏன் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார். துரத்தப்பட்ட ஆண்டுகளை மட்டும் எண்ணினால், இடையில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கட்டினார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது காணாமல் போகிறது என்பது அவர் வாதம். துன்பத்தை அறியாதவர் அல்லர் அவர். பின்னர் நாஜிகளின் படுகொலையில் தன் பெற்றோரையே இழந்தவர்.

சி. வி. எந்தப் பக்கம்? அவரிடம் இரண்டும் இருந்தன. நாடற்றவனின் கண்ணீரை எழுதினார். அதே கையால் கொழுந்து மலைக் கேலியையும், தப்புச் சத்தத்தையும், திருவிழாவையும், காதலையும் எழுதினார். 'பாவம் தோட்டத்துச் சனம்' என்ற பரிதாபத்துக்குள் அவர் தன் மக்களை அடைக்கவில்லை. அவருடைய நூல்களில் வருகிறவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். ஆனால் ஏமாளிகள் அல்லர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய சிறந்த நூல்களில் சில முதலில் ஆங்கிலத்தில் வந்ததால், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்களுக்குக் கிடைத்த பிறகே லயத்து வாசகருக்குக் கிடைத்தன. துரைமாரின் மொழியில் துரைமாருக்குப் பதில் சொல்ல அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் கைக்கு வர மொழிபெயர்ப்பாளர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடர்ந்தவர்கள்

சி. வி.க்கு முன்னோடி கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து, துணி வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்து எழுதியவர். 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார்.

சி. வி.க்குப் பின் வந்தவர் சாரல் நாடன். தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு நிதியோ அவருக்குப் பின்னால் இல்லை. 1986இல் 'சி. வி. சில சிந்தனைகள்' நூலையும் 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலையும் கொண்டுவந்தார். பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்து அவர் எழுதியிராவிட்டால், நடேசய்யர் ஒரு பெயராக மட்டும் எஞ்சியிருப்பார். 'மலையகத் தமிழர்', 'மலையக வாய்மொழி இலக்கியம்' ஆகியவையும் அவருடையவை. 2014இல் அவர் மறைந்தார்.

இப்படி ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்ததால்தான் மலையகத்துக்கு ஓர் எழுதப்பட்ட வரலாறு இருக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், மூதாதையரின் பாதை எது என்று தெரிந்து நடந்தது அதனால்தான்.

இன்னும் எழுதப்படாத பக்கம்

1946 குடிசன மதிப்பில் நாட்டு மக்களில் 11.7 வீதமாக இருந்தவர்கள் 'இந்தியத் தமிழர்'. 2012இல் அது 4.1 வீதம். சிலர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதும் இதற்குள் அடக்கம். ஆனால் பெரிய காரணம் வேறு. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கு வைத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அவர்களில் யாரிடமும் கேட்கவில்லை. தலைமன்னார்க் கப்பல் ஏறியவர்களில் பலர் நீலகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள்.

இன்னொரு பகுதி வடக்கே போனது. 1977 வன்முறைக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளுக்கு இறங்கியவர்கள் ஏராளம். காந்தியம் போன்ற அமைப்புகள் அவர்களைக் குடியமர்த்தின. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், ஜெயபுரம் போன்ற ஊர்களில் வாழும் பலரின் வேர் தேயிலைத் தோட்டங்களில்தான் இருக்கிறது. பாதுகாப்புத் தேடிப் போன இடத்தில் யுத்தம் அவர்களைப் பிடித்தது. 2009இல் வன்னியில் எல்லோரும் பட்டதை அவர்களும் பட்டார்கள்.

இவர்களுடைய கதை இரண்டு வரலாறுகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. மலையக வரலாறு 'இவர்கள் வடக்கே போனார்கள்' என்ற வரியோடு நிறுத்துகிறது. வன்னியின் வரலாறு அவர்களை மொத்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை. காணி உறுதி இல்லாமல், பழைய தோட்டத்துப் பதிவும் இல்லாமல் நிற்கும் குடும்பத்துக்கு இது வெறும் நினைவுப் பிரச்சினை அல்ல. 1948இல் கேட்ட அதே கேள்வி, 'உன்னிடம் என்ன ஆவணம் இருக்கிறது?' என்று காணிக் கச்சேரியில் மறுபடி வருகிறது.

சி. வி. செய்த வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கொப்பியும் கேட்கும் பொறுமையும் போதுமாக இருந்தன. இன்று கையில் தொலைபேசி இருக்கிறது. தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் பேர் போட்டார், எந்த ஆண்டு எந்தப் பாதையால் வன்னிக்குப் போனார், முகாமில் யாரோடு இருந்தார், யார் திரும்பவில்லை என்று கேட்டுப் பதிவு செய்யலாம். அதோடு, காட்டை வெட்டி முதல் போகம் அறுத்தபோது என்ன சமைத்தார்கள், மலையிலிருந்து எந்தச் சாமியைக் கொண்டுபோய் வைத்தார்கள், அங்கும் காமன் கூத்து ஆடினார்களா என்றும் கேட்க வேண்டும். இழந்தவர்களின் பட்டியல் அவசியம். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் வாழ்ந்தவர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

1977இல் தாயின் இடுப்பில் வவுனியாவுக்குப் போன பிள்ளைக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. தூக்கிக்கொண்டு நடந்த தாய் உயிரோடிருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். அவரிடம் கேட்க இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.